பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி ஐந்தாண்டுகள் தன் பள்ளிகளை மூடிவைத்தது எப்படி? இன்று அங்கே வாழ்க்கை எவ்வாறு இருக்கிறது?

நெல்லை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அமெரிக்காவில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பள்ளி நடத்துவது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றி அண்மையில் வாசித்தேன். அத்தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்குகளில் ஒன்று வெர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) சென்றது என்றும், இரு இனப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்தாக வேண்டிய நிலை வந்தபோது அந்தக் கவுண்டி தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் 1959 முதல் 1964 வரை மூடியே வைத்திருந்தது என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

இதைப் படித்த நாள் முதல் மனம் அமைதி கொள்ளவில்லை. போரோ, வெள்ளமோ, கொள்ளைநோயோ இல்லாத ஓர் ஊரில், சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடி, தங்கள் ஊரின் பிள்ளைகளுக்குப் பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுக்க எந்த அதிகாரம் அவர்களுக்கு இருந்தது? மாநில அரசும் மத்திய அரசும் அதை ஐந்தாண்டுகள் எவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தன? அந்த ஐந்தாண்டுகளில் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இன்று அந்த ஊர் எப்படி இருக்கிறது?

என் மகன் ரிச்மண்டில் வசிக்கிறான். வரும் கோடையில் அங்கே செல்லும்போது இந்தக் கவுண்டியை நேரில் காண விரும்புகிறேன். பழைய வரலாறு அறிந்தவர்களும் அவ்வட்டாரத்தில் வாழ்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

---

ஜேம்ஸ் நதிக்கரை எழுதியது:

வணக்கம் அம்மா. பள்ளிகள் மூடப்பட்ட கதையைச் சொல்வதற்கு 1959இலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும். அதற்கு எட்டாண்டுகள் முன்னதாக, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மேடையேறிய நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கவுண்டியின் தலைநகரம் ஃபார்ம்வில். அங்கே கறுப்பின மாணவர்களுக்கென 1939இல் கட்டப்பட்டது ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. அந்தக் கவுண்டியில் வளர்ந்து, பிற்காலத்தில் புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் தலைவரான கல்வியாளரின் பெயரை அப்பள்ளிக்கு வைத்தார்கள். 180 மாணவர்களுக்கெனக் கட்டிய கட்டடத்தில் 1951 வாக்கில் 450 பேர் அளவுக்குப் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடமில்லை, உணவுக்கூடமில்லை, அறிவியல் ஆய்வகமில்லை. இடம் போதவில்லை என்று பெற்றோர் முறையிட்டதற்குக் கிடைத்த விடை, பலகைச் சுவரில் தார்த்தாள் போர்த்திய தற்காலிகக் கொட்டகைகள். குளிர்காலத்தில் அடுப்பருகே அமர்ந்தவர்களுக்கு வெக்கை தாங்காது. தள்ளி அமர்ந்தவர்கள் மேலங்கியோடு நடுங்குவார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். அதே ஊரின் வெள்ளையர் பள்ளியில் மோட்டன் பள்ளிக்கு மறுக்கப்பட்ட வசதிகள் இருந்தன.

1951 ஏப்ரல் 23 அன்று மாணவர் குழு ஒன்று, தலைமையாசிரியரை ஒரு தொலைபேசி அழைப்பின் மூலம் பள்ளியிலிருந்து வெளியே வரவழைத்துவிட்டு, அனைவரும் கூடுமாறு வகுப்புகளுக்குச் சீட்டு அனுப்பியது. அரங்கத்தின் திரை விலகியபோது மேடையில் நின்றவர் பார்பரா ஜான்ஸ். ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, புதிய பள்ளிக் கட்டடம் கிடைக்கும்வரை வகுப்புக்குத் திரும்புவதில்லை என்று சக மாணவர்களிடம் பேசினார். ஆசிரியர்களுக்கு இதில் பங்கில்லை என்று ஆக வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் அத்தனையையும் மறைவாகத் திட்டமிட்டிருந்தார்கள். இருந்தும் அந்தத் தலைமையாசிரியர் தம் பணியை இழந்தார். இதை நீங்கள் ஆசிரியை என்பதால் குறிப்பிடுகிறேன்.

இரண்டு வாரங்கள் புறக்கணிப்பு நீடித்தது. மாணவர்கள் கடிதம் எழுதியதால் ரிச்மண்டிலிருந்து ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வழக்கறிஞர்கள் வந்தார்கள். நல்ல கட்டடம் கேட்டு மட்டும் வழக்காட மாட்டோம். இனப்பிரிவினையே கூடாது என்று கேட்பதானால் உங்களோடு நிற்போம் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. அதற்குப் பெற்றோர் உடன்பட்டதுதான் இக்கதையின் மிகப் பெரிய துணிவு என்று நான் கருதுகிறேன்; ஏனெனில் அவர்களில் பலர் வெள்ளையரின் நிலத்தையும் கடனையும் வேலையையும் நம்பி வாழ்ந்த புகையிலை உழவர்கள். மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கலானது. பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி டாரதி டேவிஸின் பெயரால் அது அறியப்படுகிறது. 1954 தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் மாணவர்களே தொடங்கிய போராட்டத்திலிருந்து பிறந்தது இது ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்தது பழிவாங்கல். 1954 தீர்ப்பை எந்த வழியிலாவது தடுக்க வேண்டும் என்று வெர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டு அறைகூவினார். மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. 1958இல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில் நகரங்களிலும் வாரன் கவுண்டியிலும் சில பள்ளிகளை மாநில அரசு மூடியது. 1959 ஜனவரியில் அவ்வாறு மூடியது செல்லாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததும் அப்பள்ளிகள் திறக்கப்பட்டன. பிரின்ஸ் எட்வர்டு மட்டும் விடவில்லை. அவ்வாண்டு செப்டம்பருக்குள் இரு இன மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கெடு விதித்ததும், கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் அவை பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. ஒரு கல் எறியப்படவில்லை; ஒரு கதவு உடைக்கப்படவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி இல்லாமல் போனது, ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாமல் போனது.

வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் அறக்கட்டளை ஒன்று தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் உடனே வகுப்புகளைத் தொடங்கியது. அதுவே பிரின்ஸ் எட்வர்டு அகாடமி. கட்டணம் செலுத்த மாநிலமும் கவுண்டியும் உதவித்தொகை தந்தன; 1961இல் நீதிமன்றம் தடுத்தது. தடைக்குப் பின் கட்டணம் கட்ட இயலாத ஏழை வெள்ளையர் பிள்ளைகளிலும் சிலர் வீட்டில் அமர்ந்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

கறுப்பினப் பிள்ளைகளின் நிலை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டது. சிலரை அண்டைக் கவுண்டியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயர்நிலை மாணவர் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குச் சென்றார்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் சேவைக் குழு ஒரு பகுதியினரை வெளிமாநிலக் குடும்பங்களோடு தங்கிப் படிக்க வைத்தது. ஊரில் எஞ்சியவர்களுக்குத் தேவாலய அடித்தளங்களில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவை பள்ளிக்கு மாற்றல்ல என்று நடத்தியவர்களே தெளிவாகக் கூறினார்கள், ஏனெனில் மாற்று கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பள்ளிகளை நிரந்தரமாக மூடிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. பெரும்பாலானோர் வயலுக்கும் வீட்டுவேலைக்கும் போனார்கள். பலர் பிறகு படிக்கவே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஊர் மக்களைக் கட்டிக்காத்தவர் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் எல். பிரான்சிஸ் கிரிஃபின். பள்ளி மூடலை எதிர்த்து 1964இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கின் பெயரில் அவர் குடும்பப் பெயர் நிலைத்தது; அவருடைய பிள்ளைகளும் பள்ளி இழந்தவர்களே.

மத்திய அரசு பார்த்துக்கொண்டிருந்ததா என்று கேட்டீர்கள். 1963 மார்ச் மாதம் அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி கென்டக்கியில் பேசுகையில், உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத மிகச் சில இடங்களைப் பட்டியலிட்டு, கம்யூனிஸ்ட் சீனத்தோடும் வட வியட்நாமோடும் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியையும் சேர்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில், கென்னடி அரசின் முன்முயற்சியாலும் நன்கொடையாலும், மூடிக்கிடந்த கட்டடங்களில் நான்கைக் குத்தகைக்கு எடுத்து ‘இலவசப் பள்ளிகள்’ தொடங்கப்பட்டன. நீல் சல்லிவன் என்பவர் பொறுப்பேற்றார். வயதுக்கேற்ற வகுப்பு என்ற ஏற்பாடே அங்கு பொருந்தவில்லை, ஏனெனில் பத்து வயது கடந்தும் எழுத்தறியாத பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஏறத்தாழ 1,500 பேரிடையே வெள்ளையர் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அந்தச் சில பெற்றோரையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

சட்டக்குறிப்பு எழுதியது:

மேலே நண்பர் நடந்ததை நன்கு விளக்கினார். அம்மையார் கேட்ட ‘எந்த அதிகாரம்’ என்ற வினாவுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

வெர்ஜீனியாவில் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு பள்ளி வாரியத்துக்கு உரியது. ஆனால் அவ்வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. கவுண்டியில் சொத்துவரி விதித்துப் பணத்தை ஒதுக்குவது மேற்பார்வையாளர் அவை. ஆகவே அவை கையை மூடிக்கொண்டால் வாரியம் ஓர் ஆசிரியருக்கும் சம்பளம் தர இயலாது. பிரின்ஸ் எட்வர்டு அவை 1950களின் நடுப்பகுதியிலிருந்தே ஆண்டு முழுமைக்கும் பணம் ஒதுக்காமல் மாதம் மாதம் ஒதுக்கி வந்தது. நீதிமன்ற ஆணை எந்த மாதம் வந்தாலும் அம்மாதமே நிறுத்திவிடலாம் என்பதே அதன் நோக்கம். திடீர்க் கோபத்தில் எடுத்த முடிவு இது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதிய மறுப்பு.

மாநில அரசு விலகிக்கொண்டது எப்படி? 1959 ஜனவரித் தோல்விக்குப் பின் வெர்ஜீனியா சட்டமன்றம் கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கி, பள்ளி நடத்துவதை அந்தந்த வட்டாரத்தின் விருப்பத்துக்கு விட்டது. எனவே ‘நாங்கள் எந்த மாணவரையும் இனத்தின் பெயரால் விலக்கவில்லை, எங்களிடம் பள்ளியே இல்லை’ என்பது கவுண்டியின் வாதமாயிற்று. கேட்பதற்கு எளிய இவ்வாதத்தை முறியடிக்க ஐந்தாண்டுகள் தேவைப்பட்டன, ஏனெனில் மத்திய நீதிமன்றங்களும் மாநில நீதிமன்றங்களும் யார் முதலில் விடை சொல்வது என்று வழக்கை மாற்றி மாற்றித் தள்ளிவைத்தன. நீதிமன்றத்துக்கு ஐந்தாண்டு என்பது ஒரு வழக்கின் காலம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தொடக்கக் கல்வி முழுவதும்.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: மாநிலத்தின் ஏனைய கவுண்டிகளில் அரசுப் பள்ளிகள் இருக்க, இங்கு மட்டும் மூடப்பட்டதற்கு ஒரே காரணம் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதைத் தடுப்பது, எனவே இது சமப் பாதுகாப்பு உரிமையை மீறுகிறது. ‘நிதானமான வேகம்’ என்று 1955இல் நீதிமன்றமே தந்திருந்த சலுகைக்குக் காலம் முடிந்தது என்றும் அவர் எழுதினார். அடுத்து அவர் சொன்னதுதான் சட்ட வரலாற்றில் எடைமிக்கது: தேவையானால், பள்ளி நடத்த வரி விதிக்குமாறு மேற்பார்வையாளர்களுக்கே மாவட்ட நீதிமன்றம் ஆணையிடலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அவையை வரி விதிக்கச் சொல்வது சிறிய செயலன்று. பள்ளிகளைத் திறக்க ஆணையிடும் அதிகாரம் மத்திய நீதிமன்றங்களுக்கு உண்டு என்பதில் மட்டும் கிளார்க், ஹார்லன் ஆகிய இரு நீதிபதிகள் உடன்படவில்லை, மற்றவற்றில் உடன்பட்டார்கள்.

அதற்குப் பின்னும் மேற்பார்வையாளர் அவை அடங்கிவிடவில்லை. 1964 ஆகஸ்டு தொடக்கத்தில், அடுத்த தடையாணை வருவதற்குள் ஓர் இரவோடு இரவாக ஏறத்தாழ 1,80,000 டாலரைத் தனியார் பள்ளிக் கட்டண உதவியாக வெள்ளையர் பெற்றோருக்கு வழங்கி முடித்தது. பின்னர் இது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பானது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசுப் பள்ளிகள் திறந்தன.

1971இல் நடைமுறைக்கு வந்த வெர்ஜீனியாவின் இன்றைய அரசமைப்பு, இலவசப் பொதுப்பள்ளிகளை அமைப்பது சட்டமன்றத்தின் கடமை என்றும், செலவில் தன் பங்கை ஒவ்வொரு வட்டாரமும் தந்தாக வேண்டும் என்றும் கூறுகிறது. 1959இல் இருந்த வாயில் அங்கே அடைக்கப்பட்டிருக்கிறது.

---

நெல்லை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மாதம் மாதம் பணம் ஒதுக்கினார்கள் என்ற செய்தி என்னை மிகவும் வருத்தியது. இன்னொன்று கேட்க விரும்புகிறேன். அந்தக் கவுண்டியின் வரலாறு முழுவதும் இந்த இருள்தானா? 1754இல் அமைந்த கவுண்டி என்று வாசித்தேன். அதற்கு முன்பும் இடையிலும் அங்கே வேறு வகையான வாழ்க்கை இருந்ததா?

---

பழைய வரைபடம் எழுதியது:

இருந்தது அம்மா. இந்த ஊரின் பழைய வரலாற்றில் எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு.

அமீலியா கவுண்டியிலிருந்து பிரித்து 1754இல் அமைத்த இக்கவுண்டிக்கு, அன்றைய அரசர் இரண்டாம் ஜார்ஜின் பேரனான எட்வர்டின் பெயரை வைத்தார்கள். புகையிலை விளைந்த மண். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்க ஆண்டான 1775இல் ஹேம்ப்டன்–சிட்னி கல்லூரி இங்கே நிறுவப்பட்டது. ஜேம்ஸ் மேடிசனும் பேட்ரிக் ஹென்றியும் அதன் முதல் அறங்காவலர்களுள் இருந்தார்கள். புதிய அமெரிக்க அரசமைப்பை ஏற்பதா என்று 1788இல் வெர்ஜீனியா கூடி ஆராய்ந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசிய பேட்ரிக் ஹென்றி, இக்கவுண்டியின் பிரதிநிதியாகவே அங்கு அமர்ந்திருந்தார். விடுதலையைப் பற்றி இத்தனை பேசிய மண்ணில், உள்நாட்டுப் போருக்கு முந்தைய மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட ‘வேறு வகையான வாழ்க்கை’க்கு என் விடை இஸ்ரேல் ஹில். ரிச்சர்ட் ரேண்டால்ஃப் என்ற நிலக்கிழார் 1796இல் இறந்தார். தம் அடிமைகளை விடுவித்து அவர்களுக்கு நிலமும் தர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அடிமை முறையைக் கடுமையாகக் கண்டிக்கும் உயில் அது. கடன்சுமை காரணமாகப் பதினான்கு ஆண்டுகள் இழுத்தடித்து, 1810இல்தான் அவர் மனைவி ஜூடித் அதை நிறைவேற்றினார். ஏறத்தாழ தொண்ணூறு பேர் விடுதலை பெற்று, ஃபார்ம்வில்லை ஒட்டிய 350 ஏக்கரில் குடியேறி, தங்கள் குன்றுக்கு இஸ்ரேல் ஹில் என்று பெயரிட்டார்கள்.

அவர்கள் ஆப்பமட்டாக்ஸ் ஆற்றில் தட்டையான நீள்படகுகளில் புகையிலையையும் மாவையும் ஏற்றிப் பீட்டர்ஸ்பர்க் சந்தைக்குக் கொண்டுசென்றார்கள். தச்சு வேலையும் பீப்பாய் கட்டும் தொழிலும் செய்தார்கள். கூலியும் சொத்தும் ஈட்டினார்கள். உரிமை மீறப்பட்டபோது வெள்ளையர் மீது வழக்குத் தொடுத்து வென்றவர்களும் உண்டு. அடிமைமுறை நடுவே சுதந்திரக் கறுப்பின மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் தம் குன்றில் வாழ்ந்து காட்டினார்கள் என்பது, சேர்ந்து வாழவே முடியாது என்று 1959இல் வாதிட்டவர்களுக்கு அவர்கள் ஊரின் வரலாறே தந்திருந்த மறுமொழி. அதை அவர்கள் கற்றுக்கொள்ள விரும்பவில்லை.

இதே வட்டாரத்தில் 1841இல் அடிமையாகப் பிறந்த பிளான்ச் கே. புரூஸ், பின்னாளில் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க செனட்டில் உறுப்பினராக ஆறாண்டு பணியாற்றினார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன் மான்ட்கமரியில் அதே தேவாலயத்தின் போதகராக இருந்த வெர்னன் ஜான்ஸும் இக்கவுண்டிக்காரர். பார்பரா ஜான்ஸின் தந்தையின் உடன்பிறந்தவர். புறக்கணிப்புக்குப் பின் மகளின் உயிருக்கு அஞ்சிய பெற்றோர் அவரிடம்தான் பார்பராவை அனுப்பினார்கள். பார்பரா பிற்காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார்.

உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களும் இக்கவுண்டி வழியே சென்றன. 1865 ஏப்ரல் 7 அன்று, பின்வாங்கிய தென்படைகள் ஆற்றின் மேலிருந்த உயரமான ரயில் பாலத்துக்குத் தீவைத்தன; ஒரு பகுதி எரிந்தாலும், அதன் அடியிலிருந்த வண்டிப் பாலத்தை வடபடையினர் காப்பாற்றிக் கடந்தார்கள். சரணடையுமாறு தென்படைத் தளபதி லீக்கு வடபடைத் தளபதி கிராண்ட் எழுதிய முதல் கடிதம் அன்று மாலை ஃபார்ம்வில்லிலிருந்து சென்றது. இரண்டு நாள் கழித்து லீ சரணடைந்தார்.

---

ஆப்பமட்டாக்ஸ் கரை எழுதியது:

நான் ஃபார்ம்வில்லில் வசிப்பவன். இன்றைய வாழ்க்கையைப் பற்றிய வினாவுக்கு நானே விடை சொல்வது பொருத்தமாக இருக்கும்.

2020 கணக்கெடுப்பின்படி கவுண்டியின் மக்கள்தொகை 21,849. மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குக் கறுப்பினத்தவர். புகையிலை ஏலம் விட்ட பழைய செங்கல் கிடங்குகளில் இப்போது மரச்சாமான் விற்கிறார்கள். அதற்காகவே தொலைவிலிருந்து மக்கள் வருகிறார்கள். ஊரின் பொருளாதாரத்தைத் தாங்குவது இரண்டு உயர்கல்வி நிலையங்கள். ஹேம்ப்டன்–சிட்னி இன்றும் ஆண்கள் கல்லூரியாகவே நீடிக்கிறது. 1839இல் பெண்கள் பள்ளியாகத் தோன்றி, 1884இல் மாநிலத்தின் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியாகிய லாங்வுட், இப்போது பல்கலைக்கழகம். 2016இல் துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம் அங்கு நடந்தபோது, நாட்டின் செய்தியாளர்கள் பலர் மோட்டன் பள்ளியின் கதையையும் முதன்முறையாகக் கேட்டுச் சென்றார்கள்.

ரயில்பாதை கைவிடப்பட்ட பின், அதை 31 மைல் நீள நடைபாதையாக்கி மாநிலப் பூங்காவாக நடத்துகிறார்கள். நண்பர் குறிப்பிட்ட அந்த உயரப் பாலத்தின் மேல், 2,400 அடிக்கும் கூடுதலான நீளத்துக்கு இன்று நடந்தும் மிதிவண்டியிலும் செல்லலாம். ஊருக்கு வெளியே 2010 முதல் குடியேறிகளை அடைத்துவைக்கும் தடுப்பு மையம் ஒன்றும் இயங்குகிறது. 2020இல் அங்கிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கொரோனா தொற்றியது. வேலைவாய்ப்பும் வருவாயும் தருகிறது என்று ஆதரிப்பவர்களும், இப்படிப்பட்ட வரலாறுள்ள ஊருக்கு இது தகாது என்று எதிர்ப்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் தரப்பைச் சேர்ந்தவன்.

பள்ளிகளுக்கு வருவோம். 1964இல் திறந்தபோது அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய அனைவரும் கறுப்பின மாணவர்கள். வெள்ளையர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் திரும்பின. இன்று தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். அன்றைய தனியார் அகாடமி 1990களில் கொடையாளர் ஒருவரின் பெயரை ஏற்று ஃபுக்வா பள்ளியாகித் தொடர்ந்து நடக்கிறது. அதுவும் எல்லா இனத்தவரையும் சேர்க்கிறது. ஆயினும் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது பழைய நினைவுகள் அம்முடிவில் தலையிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மோட்டன் பள்ளிக் கட்டடம் 1995 வரை தொடக்கப் பள்ளியாக இயங்கியது. பிறகு அது விற்கப்படாமல் காத்தவர்கள் மார்த்தா ஃபாரஸ்டர் பெண்கள் மன்றத்தினர். கறுப்பினப் பெண்கள் 1920இல் தொடங்கிய இம்மன்றம்தான் 1930களில் அப்பள்ளி கட்டப்பட வேண்டும் என்றும் போராடியது. 1998இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, புறக்கணிப்பின் பொன்விழா நாளில், 2001 ஏப்ரல் 23 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தது. 2022இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1954 தீர்ப்பின் நினைவாக அமைந்த தேசியப் பூங்காவோடு இதையும் இணைத்தது.

2003இல், அன்று படிப்பை இழந்தவர்களுக்குக் கௌரவச் சான்றிதழ் வழங்கினார்கள். நரைத்த தலையோடு மேடையேறினார்கள். மறு ஆண்டு, அவர்கள் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர மாநில அரசு கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் ஃபார்ம்வில் ஹெரால்டு செய்தியிதழின் அன்றைய ஆசிரியர் கென் உட்லி. 1950களில் பள்ளிகளை மூட வேண்டும் என்று எழுதி எழுதி ஊரைத் திரட்டிய அதே இதழ் அது. 2008இல் மேற்பார்வையாளர் அவை வருத்தம் தெரிவித்து, கவுண்டி நீதிமன்றத்தின் மணிக்கூண்டில் ஒரு விளக்கை ஏற்றியது. இந்த ஊர் தன் வரலாற்றோடு உண்மையாகவே சமாதானம் செய்துகொண்டு வருகிறது என்பது என் கருத்து.

---

சட்டக்குறிப்பு எழுதியது:

ஆப்பமட்டாக்ஸ் கரை அவர்களின் விவரங்களை மதிக்கிறேன். முடிவோடு உடன்பட இயலவில்லை. உதவித்தொகை வந்தபோது பள்ளி மூடி நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. எட்டு வயதில் பள்ளியை இழந்தவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று. அவர் இழந்தது படிப்பை மட்டுமல்ல; அப்படிப்பால் கிடைத்திருக்கக்கூடிய வேலை, ஊதியம், ஓய்வூதியம், தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் திறன் அத்தனையையும். விளக்கும் தீர்மானமும் வேண்டியவையே. அவற்றைச் சமாதானம் என்று அழைக்கும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமே உண்டு.

---

ஆப்பமட்டாக்ஸ் கரை எழுதியது:

உங்கள் மறுப்பு நியாயமானது. அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன். மன்னித்துவிட்டதாகச் சொன்னவர்களும், பள்ளிக் கட்டடத்தின் பக்கமே போக மாட்டேன் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் ‘செய்துகொண்டு வருகிறது’ என்றேனே தவிர, முடிந்துவிட்டது என்று எழுதவில்லை.

அம்மையாருக்கு: ரிச்மண்டிலிருந்து ஃபார்ம்வில்லுக்குச் சற்றேறக்குறைய நூறு கிலோமீட்டர், காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பலாம். புறப்படும் முன் ரிச்மண்டிலேயே மாநில சட்டமன்ற வளாகத்தில் 2008இல் நிறுவிய குடிமை உரிமைகள் நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். பார்பரா ஜான்ஸும் மாணவர்களும் போதகர் கிரிஃபினும் வழக்கறிஞர்கள் இருவரும் அதில் இருக்கிறார்கள். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் வெர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலையை 2020 டிசம்பரில் அகற்றியபோது, அவ்விடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் பார்பராவே. ஃபார்ம்வில் வந்ததும் முதலில் மோட்டன் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அரங்கமே முதல் காட்சிக்கூடம். அங்கிருந்து ஊரின் நடுவிலுள்ள ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் நீதிமன்றத்தையும், பார்பராவின் பெயர் தாங்கிய பொது நூலகத்தையும் காணலாம். நேரமிருந்தால் உயரப் பாலத்துக்கு வாருங்கள். வெயிலுக்கு முன் காலையில் வருவது நல்லது. வரும் நாளை இங்கேயே எழுதுங்கள். உடன் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.